பாறைப் பிளவில் பிறக்கும் ரேடான் காவிரிப் படுகையில் என்ன ஆகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்க்காரர்கள் வேறு யாராவது படித்தாலும் விளங்கும்.

குத்தாலம் பக்கத்தில் உங்கள் வயல். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அப்பா இரவில் மோட்டார் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கிறார். போன மாதம் 280 அடிக்குப் புது போர் போட்டீர்கள், முதல் சில நாள் தண்ணீரோடு குமிழியும் வந்தது. பென்சில்வேனியாவில் வீடு வாங்கிய அக்கா, அங்கே ரேடான் சோதனையில் 6 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்க அமெரிக்கர் வைத்திருக்கும் அலகு) வந்ததாகச் சொல்லி, "பாறையிலேருந்து வர்ற கதிரியக்க வாயுவாம், அப்பாவை வெட்டவெளியில படுக்க விடாதே" என்று பயப்படுகிறார். நம் படுகைக்கு அடியிலும் பிளவுபட்ட பாறை இருக்கிறது, எண்ணெய்க் கிணறு தோண்டியதால் அந்த வாயு வெடிப்பு வழியாக மேலே வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றுகிறது.

அப்பா அங்கேயே படுக்கட்டும். அந்தக் கொட்டகை வாசலைவிட நல்ல காற்று அவருக்கு வேறெங்கும் கிடைக்காது. அக்காவின் வீட்டுக்குத்தான் உடனே வேலை பார்க்க வேண்டும். உங்கள் போரில் வந்த குமிழியை நான் லேசாக விடமாட்டேன், ஆனால் அதற்குக் காரணம் ரேடானாக இருக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நிலத்தடி நீர் வேலையில் முப்பது வருடம் இந்தப் படுகையிலும் புதுக்கோட்டைப் பாறைக்காட்டிலும் அலைந்தவன் என்பதால் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூமியில் யுரேனியம் இல்லாத கைப்பிடி மண் கிடையாது. கருங்கல்லில் பத்து லட்சத்தில் மூன்று நான்கு பங்கு இருக்கும், தோரியம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. யுரேனியம் பல படிகளில் சிதைந்து ரேடியம் ஆகிறது, ரேடியம் சிதைந்தால் ரேடான். இந்த வரிசையில் ரேடான் மட்டும்தான் வாயு. மற்றதெல்லாம் கல்லோடு கல்லாகக் கிடக்கும். இது ஒன்றுக்குத்தான் எழுந்து நடக்கும் குணம். நிறமில்லை, மணமில்லை, எதோடும் சேராது.

கல்லுக்குள் பிறந்த ரேடானில் பெரும்பகுதி கல்லைவிட்டு வெளியே வருவதே இல்லை. ரேடியம் அணு உடையும்போது, துப்பாக்கி சுட்டால் தோள் பின்வாங்குவதுபோல, புதிதாகப் பிறந்த ரேடான் அணு ஒரு உதைப்பில் நகர்கிறது. திடப்பொருளுக்குள் அந்த உதைப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடக் கொண்டுபோகாது. ஆகவே கல்லின் மணியோரத்திலோ ஒரு விரிசலின் சுவரிலோ பிறந்தது மட்டும் தப்பும். நடுவில் பிறந்தது அங்கேயே சிறைப்பட்டு முடிந்துபோகும். பிளவுபட்ட பாறை என்றாலே இந்தத் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். கல் நொறுங்க நொறுங்க ஓரங்கள் பெருகும், தப்புவதற்கு வழியும் பெருகும்.

ஆஸ்திரியாவில் டிரோல் மலைப்பகுதியில் ஊம்ஹாவுசன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சுமார் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து விழுந்து, கருங்கல் இனத்துப் பாறை தூள்தூளாக நொறுங்கிய இடம். அங்கே யுரேனியம் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. கல் நொறுங்கிக் கிடந்ததால் வாயுவுக்கு வழி திறந்துவிட்டது. சில வீடுகளில் ஒரு கன மீட்டர் காற்றுக்குப் பல்லாயிரம் பெக்கெரல் ரேடான் இருந்தது. பெக்கெரல் என்றால் நொடிக்கு ஓர் அணு உடைகிறது என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனம் வீடுகளுக்குச் சொல்லும் அளவு 100, எப்படியும் 300-ஐத் தாண்டக் கூடாது.

வாட்ஸ்அப் செய்தி இதுவரை சொல்வதில் தப்பில்லை. பிளவு இருந்தால் வாயு தப்பும். தப்பிய வாயுவுக்கு ஆயுள் எவ்வளவு என்பதை மட்டும் அந்தச் செய்தி விட்டுவிட்டது. நம் படுகையைப் பொறுத்தவரை எல்லாமே அந்த ஆயுளில்தான் இருக்கிறது.

ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். இன்று ஆயிரம் அணு இருந்தால் நாலாம் நாள் ஐந்நூறுக்கும் குறைவு. 38 நாளில் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும். தோரியத்திலிருந்து வரும் அதன் தம்பிக்கு, தோரான் என்று பெயர், அரை ஆயுள் 56 நொடிதான். பாறையில் பிறந்தது மேலே வந்து சேர வேண்டுமானால் இந்த நாட்களுக்குள் வந்துவிட வேண்டும்.

இனி நம் ஊர் மண்ணைப் பாருங்கள். திருச்சி மலைக்கோட்டை வெறும் பாறை. திருவெறும்பூர்க் குன்று பாறை. கல்லணையைத் தாண்டி கிழக்கே வந்தால் கண்ணில் ஒரு பாறை படாது. வல்லம் பக்கம் செம்புறாங்கல் மேடு உண்டு, அதுவும் கருங்கல் இனம் கிடையாது. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து இழுத்து வந்ததுதான், தஞ்சை மண்ணில் வெட்ட ஒரு கல் கிடையாது. கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை என்று கடலை நோக்கி வர வர மேலே வண்டலும் களியும் மணலும், அதற்குக் கீழே பழைய கடல் படிவுகள். அடித்தளப் பாறை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பள்ளமான இடங்களில் அதை எட்ட 5 கிலோமீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். அந்தப் பாறை பிளவுபட்டதுதான், சீர்காழிப் பக்கம் மாதானத்தில் அடித்தளப் பாறையின் பிளவுகளிலேயே எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். ஆகவே "பிளவுபட்ட பாறை இருக்கிறது" என்ற பேச்சும் உண்மை.

ஆனால் கணக்கைப் போடுங்கள். ஒரே ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 38 நாளில் மேலே வர, நாளுக்கு 26 மீட்டர் ஏற வேண்டும். நம் மணலில் நிலத்தடி நீர் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே வேகம். களியில் அது நகர்கிறது என்று சொல்வதே அதிகம். நடுவில் எத்தனை களிப் படுகை இருக்கிறது என்று உங்கள் போர் வண்டிக்காரரைக் கேளுங்கள், குழாய் இறங்கும்போது வெளியே வந்த சேற்றின் நிறத்தை வைத்தே சொல்வார். ஆழத்துப் பாறையில் பிறந்த ரேடான் வழியிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் வயலிலிருந்து காற்றில் கலக்கும் ரேடான் உங்கள் வயலின் மேல்மண்ணிலேயே, ஓரிரு மீட்டருக்குள் பிறந்தது. காவிரி குடகிலிருந்து அரைத்துக்கொண்டு வந்த பாறைத் துகளில் இருக்கும் ரேடியம்தான் அதன் தாய். கல்லணை கட்டுவதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு வருகிறது? உலகின் நிலப்பரப்பில் சராசரியாக, விரல் நகம் அளவு மண்ணிலிருந்து நொடிக்கு ஓர் அணு. வெட்டவெளிக் காற்றில் உலகச் சராசரி கன மீட்டருக்குப் பத்து பெக்கெரல் அளவு. வீட்டுக்குள் சராசரி நாற்பது. அப்பா கொட்டகை வாசலை விட்டு வீட்டுக்குள்ளே போய்க் கதவை அடைத்துப் படுத்தால் அதிகம் சுவாசிப்பார், குறைவாக இல்லை.

வயல் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வராது. காய்ந்த மண்ணில் ரேடான் சாவதற்குள் ஒரு மீட்டர் போல ஊர்ந்து வரும். தண்ணீரில் அதால் இரண்டு சென்டிமீட்டர்தான் நகர முடியும். குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் கட்டி நிற்கும் வயல் ரேடானுக்குப் போட்ட மூடி. மேட்டூர் திறந்து, வாய்க்கால் நிரம்பி, நாற்று நட்டதும் லட்சக்கணக்கான ஏக்கரில் அந்த மூடி விழுகிறது. அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, சித்திரையில் மண் வெடித்ததும் மூடி திறக்கிறது. வெடிப்புக்குள் கைவிட்டால் முழங்கை வரை போகும் அல்லவா, அந்தச் சுவர்களிலிருந்தும் வாயு கசியும். கோடையில் நம் வயல் கூடுதலாகக் கசியத்தான் செய்யும். கொஞ்சம் ஈரமுள்ள மண் முற்றிலும் காய்ந்ததைவிட அதிகம் வெளியே விடும் என்பது இன்னொரு நுட்பம். மண்மணியைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலம், உதைபட்டு வெளியே பாயும் ரேடான் அணுவை அடுத்த மணிக்குள் புதைந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

சரி, கசிந்தால் அப்பாவுக்குக் கெடுதல் இல்லையா? இதைக் காற்று பார்த்துக்கொள்கிறது. பகலில் மண் சூடேறிக் காற்று மேலெழும்பும்போது ரேடானும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கலந்து கரைந்துவிடும். பின்னிரவில், முக்கியமாக மார்கழிப் பனிமூட்டம் வயலோடு ஒட்டிப் படுத்திருக்கும் நேரத்தில், காற்று அசையாமல் இருப்பதால் தரையருகே சேரும். மதியம் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் போகும். பத்தின் இரண்டு மூன்று மடங்கு என்றாலும் 100-க்குள்தான். வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். கொண்டல் வீசினால் இன்னும் குறைவு. கடல் மேல் ரேடான் மிகமிகக் குறைவாகவே பிறக்கிறது, கடலிலிருந்து வரும் காற்று கழுவிய காற்று. மேற்கிலிருந்து நிலத்தைத் தடவிக்கொண்டு வரும் கோடைக்காற்றில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காற்று எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் ரேடானையே அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள்.

"ரேடான் காற்றைவிட ஏழரை மடங்கு கனம், தரையோடு தேங்கும், கட்டிலில் படுப்பவருக்கு ஆபத்து" என்றும் அந்தச் செய்தியில் இருந்தது. கனம் உண்மை, தேங்குவது உண்மையில்லை. பத்து பெக்கெரல் என்றால் ஒரு கன மீட்டரில் 48 லட்சம் ரேடான் அணுக்கள். கேட்கப் பெரிது. அதே கன மீட்டரில் காற்றின் மூலக்கூறுகள் 25-க்குப் பின் 24 பூஜ்யம் போட்ட எண்ணிக்கை. அந்தக் கூட்டத்தில் ரேடான் தனியாகப் பிரிந்து கீழே இறங்க இடமே இல்லை. காற்று போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போகும்.

உங்கள் குமிழிக்கும் இதுவே பதில். கண்ணுக்குத் தெரியும் ஒரு குமிழி அளவுக்கு ரேடான் உலகில் எந்தக் கிணற்றிலும் வராது. உங்கள் போரில் வந்தது இரண்டில் ஒன்று. கம்ப்ரசர் விட்டுக் கழுவியபோது மணலில் அடைபட்ட காற்று, இது சில நாளில் தானாக நின்றுவிடும். அல்லது கறுப்புச் சேற்றுப் படுகையில் மக்கிய தழையிலிருந்து பிறந்த மீத்தேன். நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் தொடர்ந்தால் மீத்தேன் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். கொட்டகையின் கதவும் சன்னலும் திறந்தே இருக்கட்டும். குழாய் வாயருகே பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். "பத்துதா பாப்போம்" என்று யாராவது கொளுத்திப் பார்க்க வந்தால் விடாதீர்கள். வட்டார நிலத்தடி நீர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய திறந்த கிணறு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் தூர் வாரவோ மோட்டார் எடுக்கவோ கிணற்றில் இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மகனும் மயங்கி, ஒரே வீட்டில் மூன்று பேர் போன செய்தி வருகிறது. அதற்கும் ரேடானுக்கும் சம்பந்தமில்லை. அங்கே உயிர்வளி போதாது, கரியமில வாயுவும் சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடும் நிரம்பியிருக்கும். ரேடான் ஒருவரை நின்ற இடத்தில் மயங்கி விழவைக்காது. யாராவது விழுந்தால் பின்னால் இறங்காமல் 112-க்கு அழையுங்கள். மூச்சுக்கருவி கட்டிய தீயணைப்புக்காரர் இறங்கட்டும். இதற்காக நான் போன வீடுகள் உண்டு, அதனால்தான் கேட்காததையும் எழுதுகிறேன்.

எண்ணெய்க் கிணறு பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மண் வழியாக ஏற ரேடானுக்கு நாள் போதாது, குழாய் வழியாக ஏறப் போதும். ஆழத்து எரிவாயுவோடு ரேடானும் மேலே வரும், இது உலகம் முழுக்க அறிந்தது. அதோடு ஆழத்து உப்புநீரில் கரைந்திருக்கும் ரேடியம், குழாயின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்காகப் படியக்கூடும். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு, அது நாலு நாளில் போகாது. ஆகவே எண்ணெய்க் கிணற்றிலிருந்து கழித்த குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இரும்புக் கடையில் வாங்கி, வீட்டுக் கொல்லையில் வைத்து அறுத்து, பொருக்கைத் தட்டித் தூசி கிளப்ப வேண்டாம். படுகையில் இதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. வெடிப்பு வழியாக வரும் வாயுவைவிட இதைத்தான் நான் கேட்டு விசாரிப்பேன்.

கெடுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், எங்கே பயப்பட வேண்டும் என்பதும் தெளியும். ரேடானை உள்ளிழுத்தால் பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுவிடுகிறோம். அது உடைந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகியவை திடப்பொருள்கள். தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கி, நிமிடக் கணக்கில் உடைந்து, ஆல்பாத் துகள்களை அங்கேயே எய்கின்றன. இதுவே மழைநாளில் வானத்திலிருந்து கழுவப்பட்டுத் தரைக்கு வரும்போது கதிர்வீச்சு அளவி ஓரிரு மணி நேரம் சற்று ஏறிக் காட்டும், அதைப் பார்த்தும் ஒரு முறை ஒரு மாணவர் பதறினார். ஆண்டுக்கணக்கில் அடைத்த அறைக்குள் சேர்ந்த காற்றைச் சுவாசித்தால்தான் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பிய வீடுகளை வைத்து 2005-இல் வெளியான ஆய்வில் ஒவ்வொரு 100 பெக்கெரலுக்கும் அந்த வாய்ப்பு 16 சதவீதம் ஏறியது. புகைப்பவருக்கு ரேடானால் வரும் ஆபத்து புகைக்காதவரைப் போல 25 மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் இருந்தால், அக்காவின் கவலையை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

அக்காவின் வீடு வேறு கதை. அமெரிக்காவில் இந்தப் பயம் பரவியதே அவர் இருக்கும் மாநிலத்திலிருந்துதான். 1984 டிசம்பரில், பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்பவர் வாசலில் நுழைந்ததும் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியையே தொடங்கவில்லை. தேடிப் போனால் அவர் வீட்டின் அடித்தள அறையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கெரல். வீடு யுரேனியம் மிகுந்த பாறையின் மேல் நின்றது. குளிருக்காகச் சன்னல் அடைத்து, உள்ளே சூடேற்றி வைத்த வீடு, அடித்தளத்து விரிசல் வழியாக மண்ணின் காற்றை உறிஞ்சும். அங்கே பாறை காலடியிலேயே இருக்கிறது, வாயு சில மணி நேரத்தில் உள்ளே வந்துவிடும், வந்தது வெளியேறவும் வழியில்லை. ஊம்ஹாவுசனிலும் அதேதான்.

அக்காவுக்கு வந்த 6 பிகோகியூரி என்பது 222 பெக்கெரல். அமெரிக்காவில் 4-க்கு, அதாவது 148-க்கு மேல் போனால் சரிசெய்யச் சொல்வார்கள். அடித்தள அறையின் தரையைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, மின்விசிறி வைத்து, மண்ணின் காற்றைக் கூரைக்கு மேல் தள்ளிவிடுவார்கள். அங்கே அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். முடிந்ததும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்த அறையில் பிள்ளைகள் படுக்கிறார்களா என்று கேளுங்கள், படுத்தால் அதுவரை மாடிக்கு மாற்றட்டும்.

நம் பக்கம் யாருக்கு இதைச் சொல்வேன் என்றால், திருச்சிக்கு மேற்கே, புதுக்கோட்டை, கரூர் பக்கம் பாறையின் மேலேயே வீடு கட்டியவர்களுக்கு. அங்கே போரில் கேசிங் குழாய் மேல்மண் வரைதான், கீழே வெறும் பாறைத் துளை, தண்ணீர் பிளவிலிருந்தே ஊறுகிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் ரேடான் கரைந்து வரும். உங்கள் போரில் அடிவரை குழாய், தண்ணீர் மணலிலிருந்து வருகிறது. பாறைப் போர்த் தண்ணீரையும் மேல்தொட்டியில் ஏற்றிக் கொட்டினால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தண்ணீரில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றில் சேரும் என்பது பொதுக் கணக்கு. பாறைமேல் கட்டிய, நாள் முழுக்க ஏசி ஓடும் அடைத்த கீழ்த்தள அறை இருந்தால் மட்டும், மூன்று மாதம் தொங்கவிடும் பிளாஸ்டிக் படல அளவியை வைத்துப் பார்க்கலாம். சன்னலைத் தினமும் திறப்பது அதற்கு முன் செய்ய வேண்டியது.

குமிழி இன்னும் வருகிறதா என்று நாளை காலை மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். வாளியில் தண்ணீரைப் பிடித்து அசையாமல் வைத்தால் குமிழி எவ்வளவு நேரம் எழுகிறது, அழுகின முட்டை வாடை வருகிறதா, தண்ணீர் பால்போல் வந்து தெளிகிறதா, இந்த மூன்றும் தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.